சொல்லும் கருவியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குச் சென்ற ஆண்டு ஒரு சோதனை நேர்ந்தது. தொழிற்பயிற்சி பெறும் நம் காலனி இளைஞன் ஒருவன், ஜெர்மன் கருவிப் பட்டியலில் கண்ட 'ஷீப்லேர' என்னும் சொல்லுக்குத் தமிழ் கேட்டான். அகராதியைப் புரட்டினேன். 'ஷீபன்' என்பது தள்ளுதல். 'லேர' என்பது போதனை. 'தள்ளு போதனை' என்று எழுதிக் கொடுத்தேன்! அவனும் நம்பிக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டான்.

பட்டறையில் பணிபுரியும் அவன் தந்தையார் அதைக் கண்டு நகைத்து, தம் கருவியையே என் கையில் வைத்தார். அது வெர்னியர் காலிப்பர்! தாடைகளுக்கிடையே பொருளைப் பற்றித் தள்ளி அளப்பது. 9 மில்லிமீட்டர் நீளத்தைத் துணைக்கோலில் 10 கூறாக்கியிருப்பதால், 0.1 மில்லிமீட்டரும் புலப்படும். 'லேர' என்பதற்கு அளவுகருவி என்னும் பொருளும் உண்டு.

அத்துணைக்கோலைப் பிரெஞ்சுக்காரர் பியேர் வெர்னியே 1631-இல் உலகுக்கு விளக்கினார். ஜெர்மானியரோ, போர்ச்சுகீசிய அறிஞர் நூனெஷின் பெயரால் அதனை 'நோனியுஸ்' என்பர். நம் பாடநூலார் திருகி அளப்பதைத் 'திருகு அளவி' என்றனர். அவ்வழியே இதனை 'நகர்வு அளவி' எனலாமன்றோ?

அன்பர்களே! முதலில் கருவியின் செயலைக் காண்போம். பிறகு அகராதியைத் திறப்போம். மைசூருவில் கன்னடம் சூழ வாழும் நம் மக்கள் தொழிலறிவைத் தமிழிலும் பெற, எழுதுவோரும் கைத்தொழில் வல்லோரும் கூடியமர்ந்து சொல் ஆராய்வோமாக!