கவுன்சிலிங்குக்கு முன்னாடி ஒரு கவுன்சிலர்

இந்த எபிசோடுல ஒரு வேலையைப் பத்திப் பேசலாம்: பள்ளிக்கூடத்துல உயர்கல்வி ஆலோசகர்.

நம்ம ஊர்ல 'கவுன்சிலிங்'னா இன்ஜினியரிங் சீட் எடுக்குறதுதான். அதுக்கு முன்னாடி, 'என்ன படிக்கலாம், காசுக்கு என்ன வழி?'னு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேணும்ல?

அத்திப்பட்டுல அனல்மின் நிலையத்தைப் பார்த்தே வளர்ற பசங்களுக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு வழி சொல்ல ஆள் இருக்கு. காலேஜுக்கு? 6-ஆம் வகுப்புலேர்ந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-லேர்ந்து இருக்கு. அதுல சேர்ந்தா படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுது. நடுவுல தனியார் பள்ளிக்கு மாறினா பொதுவா இது கிடைக்காது. அதனால இதை ப்ளஸ் டூவுல சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஆறாவதுலயே சொல்லணும்.

2022-ல 'நான் முதல்வன்' வந்த பிறகும், அரசுப் பள்ளிகள்ல ஆசிரியர்கள்தான் பாடத்தோட சேர்த்து இந்த வழிகாட்டுதலையும் பார்க்குறாங்க. முழுநேர ஆலோசகர் வேலை பெரும்பாலும் தனியார் பள்ளிகள்லதான். உளவியல் அல்லது சமூகப்பணியில முதுகலை, என்சிஇஆர்டி-யோட வழிகாட்டுதல் டிப்ளமோ ரெண்டும் கைகொடுக்கும்.

முதல்ல உங்க தெருவுல ஒரு ப்ளஸ் டூ மாணவியோட சேர்க்கை விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்க. இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமான்னு அன்னைக்கே தெரிஞ்சிடும்.