ஒரு கணிப்பொறி உருவான கதை



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்வோர்க்கு எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகள் புதிய காட்சி அல்ல. உள்ளே துறைமுகத்தில் கப்பல் எத்தனை பெரியதாயினும், பளுதூக்கிகள் எத்தனை விரைவுடையனவாயினும், வாயிலில் ஒரு லாரியின் சீட்டைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகுமாயின், பின்னே நிற்கும் நூறு லாரிகளும் அந்த ஐந்து நிமிடத்துக்கே கட்டுப்பட்டவை. இந்த வரிசையை இன்று உங்களுக்கு நினைவூட்டக் காரணம், 2025 ஜூலையில் என்னிடம் வந்து சேர்ந்த ஒரு துண்டுத்தாள்.

தாளைக் கொண்டுவந்தவள் என்னிடம் பயின்ற மாணவி. காசிமேட்டில் கருவாட்டு வாணிபம் செய்கிறாள். உடன் அவள் மகன். கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவன். ஆண்டுக்கணக்கில் கட்டிய சீட்டு முதிர்ந்து 75,000 ரூபாய் கையில் வந்திருந்தது. "சார், கணினி வேண்டும் என்கிறான். படிப்புக்கா, விளையாட்டுக்கா என்று கேட்டால் இரண்டுக்கும் என்கிறான். பொய்யா மெய்யா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள்.

பையன் சொன்னது மெய்தான். முப்பரிமாண விளையாட்டை ஓட்டும் பொறியே பொறியியல் வரைபடத்தையும் ஓட்டும், நிகழ்படத்தையும் தொகுக்கும். கேரம் பலகையைச் சுற்றித் தெருவே கூடி நிற்கும் வட்டாரத்தில் பிறந்த நான் விளையாட்டை இழிவாக எண்ணுபவனும் அல்லேன். ஆனால் அவன் எழுதியிருந்த பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தொகையில் மூன்றில் இரு பங்குக்கும் மேலாக ஒரே உறுப்புக்கு, அதாவது ஆர்.டி.எக்ஸ். 5070 என்னும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கியிருந்தான். எஞ்சிய சிறு தொகையில் பழைய பிராசசர் ஒன்று, பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, மற்றவையெல்லாம் கிடைத்தபடி. திரை மட்டும் பிறகு '4கே' வாங்குவானாம்!

அவனைத் திண்ணையில் அமர்த்தி ஒரு கணக்குப் போடச் சொன்னேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. பெருக்கினால் 20,73,600. அசைவு தடையின்றித் தோன்ற நொடிக்கு 60 படங்களேனும் வேண்டும். ஆகவே ஒரு நொடியில் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணித்தாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 17 பங்கே. 144 ஹெர்ட்ஸ் திரையாயின் அதுவும் 7 பங்காகச் சுருங்கும். 4கே திரையிலோ புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. அந்தக் குறுகிய நேரத்துக்குள் பிராசசர், பந்து எங்கே, பகைவன் எங்கே, சுவர் எங்கே என்று முடிவு செய்து கொடுக்க வேண்டும். அதன் பின்னரே கிராபிக்ஸ் கார்டு தீட்டத் தொடங்கும். முன்னது தாமதித்தால் பின்னது எத்தனை விலையுயர்ந்ததாயினும் கைகட்டி நிற்கும்.

"லாரி மாதிரியா சார்?" என்றான். பையன் கூர்மையானவன்.

ஆகவே தேர்வை எதிர்ப்புறத்திலிருந்து தொடங்கினோம். முதலில் திரை, எந்த விளையாட்டை எந்தத் திரையில் ஆடப்போகிறாய் என்பதே முதல் வினா. 1,920க்கு 1,080 புள்ளிகளும் 144 ஹெர்ட்ஸும் உள்ள திரை போதும் என்று முடிவானதும், 5070 தேவையற்றதாயிற்று. அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த 5060 இடம் பிடித்தது. அதற்கு ஈடுகொடுக்க ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 5600 என்னும் பிராசசர். மொத்தத் தொகையில் கிராபிக்ஸ் கார்டின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டாகக் குறைந்தது.

இங்கே ஒரு சங்கடம். அந்தப் பிராசசர் பொருந்தும் ஏ.எம்.4 என்னும் பீடம் பழையது. 2022இல் வந்த ஏ.எம்.5 பீடத்தில் அது பொருந்தாது. பழைய பீடத்தில் டி.டி.ஆர்.4 நினைவகம், புதியதில் டி.டி.ஆர்.5. இரண்டின் வெட்டுக்காடியும் இடம் மாறியிருப்பதால் ஒன்றை மற்றொன்றில் செருக இயலாது. புதிய பீடத்தை வாங்கினால் சில ஆண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழையதை வாங்கினால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. ஆனால் புதியதற்குத் தொகை இடங்கொடுக்கவில்லை. பழையதையே சொன்னேன். அது சரிதானா என்று இன்றும் எனக்குச் சிறிது ஐயம் உண்டு. நினைவகத்தில் மட்டும் எங்களுக்கு நல்ல காலம். 16 ஜி.பி. ஒரே பட்டையாக அன்றி 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாக வாங்கினோம். இரு பாதைகளில் ஒருங்கே செய்தி செல்லும் என்பதே காரணம். அவ்வாண்டின் இறுதியில், செயற்கை அறிவுக்கென உலகெங்கும் எழும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், அதே பட்டைகளின் விலை இருமடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இனி எஸ்.எம்.பி.எஸ். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நான் பட்ட இடம் இது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பள்ளிக்குப் பத்துக் கணிப்பொறிகள் வாங்கினோம். வந்த விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததை எடுத்து, "விலை குறைவு, ஏற்கலாம்" என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டவன் நானே. பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இயற்பியல் ஆசிரியன் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கிய நாளில் ஒரு பொறியின் எஸ்.எம்.பி.எஸ். வெடித்தது. தான் மட்டும் போகாமல் மதர்போர்டையும் வன்தட்டையும் கொண்டுபோயிற்று. அந்த வன்தட்டில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள் அனைத்தும் இருந்தன. படி எடுத்து வைக்கவும் இல்லை. ஆசிரியர் இருவர் நான்கு இரவுகள் விழித்திருந்து தாள்களிலிருந்து மீண்டும் பதிந்தார்கள். அவர்கள் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலை யாது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது பெரும்பாலும் 12 வோல்ட்டையே. ஆகவே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வாட் எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பையன் குறித்து வந்த பெயரில்லாப் பெட்டியில் 450 வாட் என்றிருந்தது. கடையில் அட்டவணையைப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்குங்கள்: 192 வாட்! அவன் முதலில் விரும்பிய 5070 ஒன்றே 250 வாட் கேட்கும். ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

புதிய பட்டியலுக்குக் கணக்கிட்டோம். கிராபிக்ஸ் கார்டு 145 வாட், பிராசசர் உச்சநிலையில் 76 வாட், பிறவற்றுக்கு 40 வாட் அளவில். ஆக ஏறத்தாழ 260. பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட் பெட்டி தாராளமாகத் தாங்கும். '80 பிளஸ்' என்னும் முத்திரையும் பார்த்தோம். 2004இல் தோன்றிய இந்தத் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் ஆற்றலில் 80 விழுக்காடேனும் உள்ளே சேர வேண்டும் என விதிக்கிறது. ஆயினும் அது சிக்கனத்துக்குச் சான்றே அன்றிப் பாதுகாப்புக்கு முழுச் சான்று ஆகாது. மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்குத் தற்காப்பு உண்டா என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

வாங்கியது ரிச்சி தெருவில். 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். இளமையில் வானொலிப் பெட்டி செப்பனிட டிரான்சிஸ்டர் தேடி நான் அலைந்த தெரு அது. இன்று அதே நெருக்கடியில் வேறு பொருள்கள். ஒரு கடையில் பழைய கிராபிக்ஸ் கார்டைப் பாதி விலைக்கு நீட்டினார்கள். எத்தீரியம் என்னும் மின்பணத்தை இத்தகைய கார்டுகளைக் கொண்டு ஈட்டும் முறை 2022 செப்டம்பரில் முடிவுற்றது. அதுவரை இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் அதன்பின் பழம்பொருள் சந்தைக்குப் பெருவாரியாக வந்தன. அதன் வரலாறு தெரியாமையால் வேண்டாம் என்றேன். ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினோம். இதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் முகம் கோணாமல் எழுதித் தந்தார்.

இதற்கு முன்பே ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்று பொறி வைக்கும் இடத்தைப் பார்த்திருந்தேன். தரையில் வைப்பதாக இருந்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தையொட்டிய குடியிருப்புகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததை அந்தத் தாயும் மகனும் மறந்திருக்க முடியாது. நான் சொன்னதும் மேசைக்கு மாற்றினான். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். சாலைத் தூசியோ விசிறி வழியே புகுந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். ஆதலால் முன்புறம் வலையும் கழற்றிக் கழுவத்தக்க தூசுவடிகட்டியும் உள்ள கேபினட் வேண்டும், சன்னலுக்கு நேரே வைக்கலாகாது என்றேன். மின்கட்டணமும் கணக்கிட்டோம். திரையும் சேர்த்து 300 வாட் என்று கொண்டு, நாளுக்கு மூன்று மணி ஆடினால் இரு திங்களில் 54 யூனிட். வீட்டு இணைப்புக்கு அப்போது கட்டணமின்றிக் கிடைத்த 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இவன் ஒருவனே தின்றுவிடுவான். தாய் அவனைப் பார்த்த பார்வையில் மூன்று மணி இரண்டாயிற்று.

பின்னர் மூன்று துளைப் பிளக்கில் சோதனை விளக்கை வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவில்லை. மேல் துளை வெறும் அலங்காரம்! மாணவர்களே, எஸ்.எம்.பி.எஸ்ஸின் நுழைவாயிலில் மின்னிரைச்சலை வடிக்க இரு சிறிய கண்டென்சர்கள் உண்டு. இரண்டும் ஒரு முனையில் உலோகக் கூட்டோடு இணைந்தவை. எர்த் இல்லையேல் கூடு 230 வோல்ட்டின் நடுவே, அதாவது 115 வோல்ட் அளவில் தொங்கிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது. தொட்டால் சுருக்கென்னும், அவ்வளவே. ஆனால் உள்ளே காப்பு பழுதுற்ற நாளில் அந்தச் சுருக்கு உயிரைக் குடிக்கும்.

"எங்கள் வீட்டுக் கிரைண்டர்கூட அப்படித்தான் சார், ஈரக்கையோடு தொட்டால் சுருக்கென்னும். கிரைண்டர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்" என்றாள் அவள்.

வீடு வாடகை வீடு. புறக்கடையில் குழாய் இறக்கிக் கரியும் உப்பும் இட்டு எர்த் போட உரிமையாளர் இசைந்தார், செலவுக்கு இசையவில்லை. 75,000க்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. பையன் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்ண விளக்கு விசிறிகளையும் கண்ணாடிக் கேபினட்டையும் தன் கையாலேயே அடித்தான். அவை அவனுக்கு எத்தனை பெரியவை என்பது எனக்குத் தெரியும். கைப்பேசியில் அந்தப் படத்தைத்தான் முகப்பாக வைத்திருந்தான்.

எர்த் வேலை முடிய ஒரு வாரம் ஆயிற்று. வாங்கி வந்த பெட்டிகள் அதுவரை பிரிக்கப்படாமல் மேசைமேல் இருந்தன. ஞாயிறன்று உறுப்புகளைப் பொருத்தி, இணைப்புக் கொடுத்து, கூட்டின் திருகாணி ஒன்றில் டெஸ்டரை வைத்தான். ஒளிரவில்லை. பொத்தானை அழுத்தினான். விளையாட்டு ஓடத் தொடங்கியதும் திரையின் மூலையில் தெரிந்த எண்ணைக் காட்டி, "நூற்றுப் பத்து, சார்!" என்று கூவினான். அவன் தாய் திரையைப் பார்க்கவில்லை. டெஸ்டரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அடுக்களைக்குச் சென்று, கிரைண்டரைப் போட்டு, அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.