நாலு செகண்ட்

நான் சேலத்துக்காரன். நம்ம பக்கம் இன்ஜினியரிங் முடிச்ச பல பேர் மாதிரி நானும் ஓசூர் வழியா பெங்களூருக்கு பஸ் ஏறினவன்தான். அங்கே அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பெரிய ராணுவ மையம் இருக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-ல் தொடங்கின படைப்பிரிவு. பாலம் கட்டுறது, பாதை போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது இதெல்லாம் அவங்க வேலை. 2024-ல் வயநாடு நிலச்சரிவு அப்போ 190 அடி பெய்லி பாலம் போட்டாங்களே, அவங்கதான். ராணுவத்துல இந்த வீரர்களுக்குச் செல்லப்பேரே 'தம்பி'.

அந்தத் தம்பிகள்ல ஒருத்தரைப் பத்தித்தான் இந்த எபிசோடு. பேர் சுப்பிரமணியன். பதவி சுபேதார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துல பிறந்தவர்.

1944 பிப்ரவரி. இத்தாலியில கசினோ போர் நடந்துட்டிருக்கு. அதுக்குத் தெற்கே மிக்னானோங்கிற இடத்துல அவரோட குழு கண்ணிவெடி எடுத்துட்டிருந்தது. ஜெர்மன்காரங்க புதைச்ச வெடிகள்ல 'எஸ்-மைன்'னு ஒரு வகை உண்டு. மிதிச்சா முதல்ல சின்னதா ஒரு சத்தம்தான் வரும். சுமார் நாலு செகண்ட் கழிச்சு உள்ளே இருக்கிற குண்டு இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடிக்கும். கிட்டத்தட்ட 350 எஃகு உருண்டைகள் நாலா பக்கமும் பறக்கும்.

அன்னைக்குக் கூட இருந்த வீரர் ஒருத்தரோட கால் பட்டுடுச்சு. அந்தச் சின்னச் சத்தம் வந்தது. அது என்னன்னு சுப்பிரமணியனுக்குத் தெரியும். அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் இருக்குன்னும் தெரியும். தள்ளிப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனா அவர் அந்த வெடி மேலேயே விழுந்து தன் உடம்பால மூடிட்டார். அவர் உயிர் போச்சு. கூட இருந்தவங்க பிழைச்சாங்க. அதே வருஷம் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிச்சாங்க.

ராத்திரி சர்வர் விழுந்தா, நாலு செகண்டுல 'இது என் கோடு இல்லை'ன்னு மெசேஜ் போடுற ஆள் நான். ஒரு விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, நாம தப்பிக்கத்தான் அதை முதல்ல பயன்படுத்துவோம். அவர் அந்த அறிவை மத்தவங்களுக்காகச் செலவு பண்ணினார்.

'அது வெள்ளைக்காரன் சண்டைதானே?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே மாசம்தான் கஸ்தூர்பா சிறையில இறந்தாங்க. காந்தியும் அப்போ உள்ளேதான் இருந்தார். அந்தச் சங்கடத்தை நான் மறைக்க விரும்பலை. ஆனா அவர் விழுந்தது எந்தக் கொடிக்காகவும் இல்லை. பக்கத்துல நின்ன பசங்களுக்காக.

சேலம், நாமக்கல் பக்கம் உங்க வீட்டுச் சுவர்லயும் யூனிஃபார்ம் போட்ட பழைய போட்டோ ஒண்ணு தொங்கலாம். இந்த வாரம் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க. எந்த யூனிட், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார்னு. போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.