இண்டஸ் பேட்டில் ராயல்: பிளஸ், மைனஸ், கொஞ்சம் முத்துக்குளி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "அண்ணே, ஃபோன்ல விளையாடுற சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஷூட்டர் ஒண்ணு, அதுவும் நம்ம நாட்டுல செஞ்சது, அதைப் பத்திப் பேசவே மாட்டீங்களா?" பேசலாம். இன்னைக்கு இண்டஸ் பேட்டில் ராயல். இந்த வாரம் ஊர்ல, பெரியதாழைல இருக்கேன். பின்னாடி கடல் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. மைக் நல்ல மைக்தான், கச்சான் காத்து அதைவிட பலமா இருக்கு.

தெரியாதவங்களுக்காக முதல்ல அடிப்படை. இண்டஸை உருவாக்கினது புனேல இருக்கிற சூப்பர்கேமிங். மாஸ்க்கன், சில்லி ராயல் எல்லாம் இவங்க செஞ்சதுதான். 2022-ல அறிவிச்சாங்க. 2024 அக்டோபர் 16-ம் தேதி ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ரெண்டுலயும் வெளியாச்சு. அதுக்கு முன்னாடியே ஒரு கோடிக்கு மேல முன்பதிவு. யூனிட்டி எஞ்சின்ல கட்டின ஆட்டம். காசு கட்டாம இறக்கிக்கலாம்.

இந்த ஒரு கோடிக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை பண்ணுச்சு. 2021 ஜூலைல அதுவே பிஜிஎம்ஐ-ன்னு பேர் மாத்தி வந்துச்சு. 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயர் போச்சு. அதே வருஷம் ஜூலைல பிஜிஎம்ஐ-யும் கடைகள்ல இருந்து காணாமப் போய், 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு. ஆக, விளையாடுறவனுக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது: நாம தினம் விளையாடுற ஆட்டம் நம்ம கையில இல்ல. "நம்ம ஊர் ஆட்டம்னா இந்தத் தொல்லை இருக்காது"ங்கிற நம்பிக்கைதான் அந்த முன்பதிவுல பாதி. இது எவ்வளவு சரின்னு கடைசில பார்ப்போம்.

முதல்ல பிளஸ்.

முதல் பிளஸ், உலகம். ஆட்டம் நடக்கிற இடம் விர்லோக். யட்சர்கள்னு ஒரு பழைய நாகரிகம் விட்டுட்டுப் போன மிதக்கும் தீவு. நீங்க ஒரு மித்வாக்கர். கோவன்னு ஒரு பெரிய கூட்டமைப்பு உங்களைக் கூலிக்கு அமர்த்தி அங்க அனுப்புது. எதுக்கு? காஸ்மியம்னு ஒரு அரிய பொருளை எடுத்துட்டு வர. இந்தியாவை எதிர்காலத்துல வச்சுப் பார்க்கிற இந்தப் பாணிக்கு அவங்க வச்சிருக்கிற பேர் இண்டோ-ஃபியூச்சரிசம். சயின்ஸ் ஃபிக்‌ஷன்னாலே நியான் விளக்கு, மழை, ஜப்பானிய எழுத்துப் பலகைன்னு பழகின கண்ணுக்கு இது நல்ல மாறுதல். நாம பார்த்து வளர்ந்த வண்ணமும் கட்டட வடிவமும் துப்பாக்கிச் சண்டைக்குப் பின்னாடி நிக்கிறது சும்மா அலங்காரம் இல்ல. "எதிர்காலம்ங்கிறது வேற எங்கயோ நடக்கிற விஷயம்"ங்கிற நினைப்பை அது கொஞ்சம் அசைக்குது.

ரெண்டாவது பிளஸ்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: காஸ்மியம் வெற்றி. பேட்டில் ராயல் சட்டம் உங்களுக்கே தெரியும். 2000-ல வந்த ஜப்பானியப் படத்துல இருந்து பேரை எடுத்து, 2017 பப்ஜி உலகம் முழுக்கப் பரப்புன சட்டம் அது. வட்டம் சுருங்கும், கடைசியா நிக்கிறவன் ஜெயிப்பான். இதுல உள்ள பெரிய ஓட்டை என்னன்னா, ஒளிஞ்சு கிடக்கிறவனுக்கு லாபம். புல்லுக்குள்ள படுத்துக்கிட்டு, மத்தவங்க அடிச்சுச் சாகிற வரைக்கும் காத்திருக்கலாம். இண்டஸ்ல கடைசி வட்டத்துல காஸ்மியம் வரும். அதைக் கைப்பற்றினா ஆட்டம் உங்களுக்கு. எல்லாரையும் கொல்லணும்னு இல்ல. இந்த ஒரு விதியால ஒளிஞ்சிருக்கிறவன் வெளிய வந்தே ஆகணும். சுடத் தெரியாதவனுக்கும் புத்தியால ஜெயிக்க ஒரு வழி கிடைக்குது. எஞ்சினியரா சொல்றேன், ஒரே ஒரு கண்டிஷனைச் சேர்த்து மொத்த ஆட்டத்தோட நடத்தையையும் மாத்துறது அழகான டிசைன்.

மூணாவது, கிரட்ஜ். தமிழ்ல சொன்னா வன்மம். உங்களைக் கொன்னவன் மேல வன்மம் வச்சு, அடுத்தடுத்த ஆட்டத்துல கணக்குத் தீர்க்கலாம். பேர் தெரியாத கூட்டத்துல ஒருத்தன் திடீர்னு உங்களுக்கு வேண்டாதவன் ஆயிடுறான். ஊர்க் கபடில போன வருஷம் தோத்த டீம் இந்த வருஷம் வர்ற மாதிரி. ஆட்டத்துக்குள்ள கதை தானா உருவாகிற இடம் இதுதான்.

இப்போ மைனஸ்.

முதல் மைனஸ், கை. இது இண்டஸுக்கு மட்டும் இல்ல, டச் ஸ்கிரீன்ல ஓடுற எல்லா ஷூட்டருக்கும் உள்ள நோய். ரெண்டு கட்டைவிரலும் எந்தத் திரையைப் பார்க்கணுமோ அதையே மறைக்குது. கையடக்கக் கருவில துப்பாக்கிச் சண்டைங்கிறது இருபது வருஷமா தீராத கணக்கு. 2006-ல நிண்டெண்டோ டிஎஸ்-ல வந்த மெட்ராய்டு பிரைம் ஹண்டர்ஸ், கீழ்த் திரைல பேனா மாதிரி ஒரு குச்சியை இழுத்துக் குறி பார்க்க வச்சுது. குறி துல்லியம், ஆனா கொஞ்ச நேரத்துல மணிக்கட்டு வலிக்கும். 2013-ல பிஎஸ் வீட்டாவுக்கு வந்த கில்ஸோன் மெர்சினரிக்கு ரெண்டு ஸ்டிக் இருந்ததால அந்த வலி இல்ல. அப்புறம் உலகமே ஃபோனுக்கு வந்தது, ரெண்டு ஸ்டிக்கும் போச்சு. புது வடிவத்துல பழைய சிக்கல். பெரிய ஃபோன் வச்சு நாலு விரல்ல விளையாடுறவனுக்கும், பழைய சின்ன ஃபோன்ல ரெண்டு கட்டைவிரல்ல விளையாடுறவனுக்கும் நடுவுல உள்ள இடைவெளி திறமையால வர்றது இல்ல, விலையால வர்றது.

ரெண்டாவது மைனஸ், உலகம் பெருசு, ஆட்டம் சின்னது. விர்லோக், யட்சர்கள், கோவன்னு இவ்வளவு இருந்தும், ஒரு மேட்சுக்குள்ள நீங்க செய்யறது என்ன? குதி, பொறுக்கு, சுடு, ஓடு. பேட்டில் ராயல் கதை சொல்ற வடிவமே இல்ல. அங்க நிதானமா நின்னு சுவரைப் பார்த்தா தலையில குண்டு விழும். இதே கூலிப்படை யோசனையைக் கில்ஸோன் மெர்சினரி தனி ஆள் கதையா வச்சுது: ஒவ்வொரு வேலைக்கும் காசு, அந்தக் காசுல அடுத்த துப்பாக்கி, நடுவுல நாம யாருக்காகச் சுடுறோம்ங்கிற கேள்வி. இண்டஸோட உலகத்துக்கு அப்படி ஒரு அஞ்சு மணி நேரக் கதை கிடைச்சிருந்தா எங்கயோ போயிருக்கும்.

இதை ஊர்ல என் பெரியப்பா ஒரே கேள்வில சொல்லிட்டாரு. அவரு கடலுக்குப் போறவர், வலை பின்னிக்கிட்டே நான் விளையாடுறதைப் பார்த்தாரு. "அந்தக் காஸ்மியத்தை எடுத்து என்னலே செய்வான்?"

"கம்பெனிக்குக் குடுக்கணும் பெரியப்பா."

"அப்போ சாவுறது இவன், சரக்கு அவனுக்கா?"

"ஆமா."

"இது நம்ம முத்துக்குளி கதைல்லாலே."

நான் ஆட்டத்தை நிறுத்திட்டேன். அவர் சொன்னதை யோசிச்சுப் பாருங்க. கிரேக்க மொழில எழுதின பெரிப்ளஸ்னு ஒரு கடல் வழிக் குறிப்பு இருக்கு, ஏறக்குறைய 2,000 வருஷம் பழசு. பாண்டிய நாட்டுல, நம்ம கொற்கைப் பக்கம், தண்டனை பெற்ற கைதிகளை வச்சு முத்து எடுத்தாங்கன்னு அதுல இருக்கு. கைதிகளை ஆபத்தான இடத்துக்கு அனுப்பி அரிய பொருளை எடுத்து வரச் சொல்றது. சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல இது நூறு தடவை வந்த கதை, நம்ம கடற்கரைல அது சரித்திரம். அப்புறம் போர்த்துகீசியர், 1658-ல இருந்து டச்சுக்காரர், அதுக்குப் பின்னாடி ஆங்கிலேயர். கொடி மாறினாலும் இடுப்புல கயிறும் காலுக்குக் கல்லுமா இறங்குறவன் மாறல. ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்துல எடுத்த சிப்பில மூணுல ரெண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் குளிக்கிறவங்களுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாங்க, உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்குறவனுக்கும் தெரியாது. இன்னைக்கு இதுக்குப் பேர் லூட் பாக்ஸ்! மேல படகுல கயிறு பிடிக்கிறது மச்சானா இருக்கணும்னு சொல்வாங்க, தங்கச்சி தாலியை நினைச்சுக் கயிறை விடமாட்டான்னு. ஸ்குவாடுல நம்பிக்கைன்னா அதுதான் மக்கா. தூத்துக்குடில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல நடந்துச்சு, அத்தோட முடிஞ்சுது.

இந்தச் சரக்கு எல்லாம் நம்ம கையிலேயே இருக்கு. இண்டஸ் அதுக்குப் பக்கத்துல வந்து நிக்குது, ஆனா உள்ள இறங்கல. இந்தியத் தோற்றம் இருக்கு. தோற்றத்துக்குக் கீழ இருக்கிற இந்த வாழ்க்கைதான் இன்னும் வரல. அடுத்து இந்த மாதிரி ஆட்டம் செய்யப்போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: யட்சன் மட்டும் போதாது, கயிறு பிடிக்கிற மச்சானும் வேணும்.

மூணாவது மைனஸ், ரொம்ப முக்கியமானது: நெட் இல்லாம இந்த ஆட்டம் இல்ல. எங்க ஊர்ல கடற்கரைக்கு ஒரு சிக்னல், வீட்டுக்குள்ள ஒரு சிக்னல். கரையை விட்டுப் படகு கொஞ்சம் தள்ளிப் போனா அதுவும் இல்ல. எங்க தம்பிமாருக்கு ஃபோனை நோண்ட நேரம் கிடைக்கிறதே வலை போட்டுட்டுக் காத்திருக்கிறப்பதான். அங்க இண்டஸ் வெறும் ஐக்கான். பேட்டில் ராயலுக்கு இன்னொரு தேவையும் உண்டு, கூட்டம். ஆள் குறைஞ்சா காத்திருப்பு கூடும், காத்திருப்பு கூடினா ஆள் இன்னும் குறையும்.

அது நடந்தா என்ன ஆகும்னு பார்த்திருக்கோம். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல், இதே மாதிரி சயின்ஸ் ஃபிக்‌ஷன் பேட்டில் ராயல்தான், பெரிய கம்பெனி, பெரிய பணம். 2022 மே மாசம் வந்துச்சு, 2023 மே 1-ம் தேதி சர்வரை மூடிட்டாங்க. ஒரு வருஷம் கூட முழுசா ஓடல. ஆனா மெட்ராய்டு பிரைம் ஹண்டர்ஸ் கதையைப் பாருங்க. 2014 மே 20-ம் தேதி நிண்டெண்டோ அந்த ஆன்லைன் சேவையை நிறுத்துச்சு, அதோட பாதி உயிர் போச்சு. இருந்தாலும் பக்கத்துல உக்காந்து நாலு பேர் வயர்லெஸ்ல விளையாடலாம், யாருமே இல்லன்னா பாட் கூட மோதலாம். கார்ட்ரிட்ஜ் கையில இருக்கிற வரைக்கும் ஆட்டம் இருக்கு.

ஆக, முன்னாடி சொன்ன அந்த நம்பிக்கைக்கு வர்றேன். தடை போட்டாலும் சரி, சர்வரை அணைச்சாலும் சரி, நம்ம பக்கம் விளைவு ஒண்ணுதான். ஆட்டம் எந்த நாட்டுல செஞ்சதுங்கிறது பெருமைக்கு சரி. அது நம்ம கையில தங்குமாங்கிறதுக்கு அந்த முகவரி பதில் சொல்லாது. நெட் இல்லாம பாட் கூட விளையாட ஒரு சின்ன மோடு, ஒரே வைஃபைல நாலு பேர் மோத ஒரு வழி. இதைச் செஞ்சா எங்க ஊர்ப் படகுலயும் இண்டஸ் ஓடும். இது எளிதுன்னு சொல்லல. ஏமாத்துறவங்களைப் பிடிக்கத்தான் எல்லாத்தையும் சர்வர்ல வைக்கிறாங்க, அது எனக்கும் தெரியும். ஆனா தனி ஆள் பாட் மோடுல யாரை ஏமாத்தப் போறான்?

முடிவா, இறக்கலாமா வேண்டாமா? நல்ல நெட், ஓரளவு புது ஃபோன், கூட விளையாட மூணு பேர் இருந்தா தாராளமா இறக்குங்க. காஸ்மியத்துக்காக கடைசி ரெண்டு நிமிஷம் ஓடுற ஓட்டத்துக்காகவே விளையாடலாம். தனியா, கதைக்காக, சிக்னல் இல்லாத இடத்துல விளையாடணும்னா இது உங்களுக்கான ஆட்டம் இல்ல. ஒரு பழைய கில்ஸோன் மெர்சினரி கிடைச்சா விடாதீங்க.

அடுத்த எபிசோடுல பழைய ஃபோன்ல எமுலேட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு உள்ள இறங்கிப் பார்ப்போம். அதுவரைக்கும் ஒரு கேள்வி விட்டுட்டுப் போறேன்: உங்க ஊர்ச் சரித்திரத்துல இருந்து ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆட்டம் செய்யணும்னா எதை எடுப்பீங்க? குரல் பதிவா அனுப்புங்க, நல்லதை அடுத்த வாரம் போடுறேன். வரட்டா மக்கா.