பரணிலிருந்து இறங்கும் ஆம்ப்ளிஃபயர்



சம்பாக் கதிர் தலைசாய்ந்து நிற்கிற நேரம் இது. இன்னும் சில நாட்களில், புஷ்ய பகுள பஞ்சமியன்று, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. 1847-இல் அவர் சித்தியடைந்த திதி. அன்று காலை காவிரிக்கரைப் பந்தலில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பும். திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கியது; அன்றிலிருந்து நம் காவிரி டெல்டாப் பக்கத்து வீடுகளில் பாட்டுக் கேட்பது ஒரு பழக்கமாகவே வேரூன்றிவிட்டது. ஆராதனையைக் கேட்பதற்கென்றே பரணில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கீழே இறக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீடும் அப்படித்தான்.

இறக்குங்கள். ஆனால் இறக்கிய கையோடு பிளக்கைச் செருகிவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்தப் பெட்டி ஈரக்காற்றில் இருந்திருக்கிறது. போன வருஷம் களத்தில் நெல் தூற்றியபோது பறந்த சுணை அதன் மூடித் துவாரங்கள் வழியாக உள்ளே இறங்கிப் படிந்திருக்கும். காய்ந்த சுணை வெறும் தூசி. ஈரம் ஏறிய சுணையோ மின்சாரத்துக்கு ஒற்றையடிப் பாதை. எலி வயரைக் கடித்திருக்கலாம். பல்லி உள்ளே போயிருக்கலாம். எனக்குத் தெரிந்து, டெல்டாவில் ஆம்ப்ளிஃபயர்கள் எரிந்ததற்குப் பல்லியும் ஒரு பெரிய காரணம். கதகதப்புக்காக உள்ளே போய், இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்துவிடும். அதனால் முதல் நாள் அதை வெயில் படாத, காற்றோட்டமான தாழ்வாரத்தில் சும்மா வையுங்கள். வெளிப்பக்கத் துவாரங்களை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வயரைப் பிளக் நுனியிலிருந்து பெட்டி வரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கீறல் தட்டுப்பட்டால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் வயரையே மாற்றிவிடுங்கள்.

இந்தப் பெட்டி செய்கிற வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும். ஆம்ப்ளிஃபயர் தன்னிடமிருந்து சத்தத்தை உண்டாக்குவதில்லை. வாய்க்கால் தலைப்பில் மதகுப் பலகையை ஏற்றி இறக்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். திருகைச் சுற்றுகிற அவருடைய கைபலம் கொஞ்சம்தான். வயலில் பாய்கிற வேகம் ஆற்றுத் தண்ணீருடையது. ரேடியோவிலிருந்து வருகிற சன்னமான மின் அலைதான் அந்தக் கை. டிரான்சிஸ்டர் பலகை. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் மின்சாரம் ஆறு. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்தக் கை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பலகையைத் திறந்து மூடுகிறது. திறந்த அளவுக்கு ஆற்றுத் தண்ணீர் ஸ்பீக்கருக்குள் பாய்கிறது. ஆக, நீங்கள் கேட்கிற நாகஸ்வரம், திருவையாற்றுக் கை பிடித்துத் திறந்த உங்கள் வீட்டு மின்சாரம். ஆம்ப்ளிஃபயர் நன்றாகப் பாடுவதும், கெடுவதும், ஆளை அடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்து ஆற்றைப் பொறுத்தே இருக்கிறது. நாமோ முன்பக்கத்துத் திருகுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்து ஆறு சீரானதல்ல. போர்செட் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது வோல்ட்டேஜ் படுத்துவிடும். நள்ளிரவில் அவை நின்றதும் 250-ஐத் தாண்டி ஏறும். கடைத்தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டிகளில் இதனால் வருகிற ஒரு கோளாறை நானே பல முறை பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24 போட்டிருப்பார்கள். அந்த 24 வோல்ட் ஏ.சி., டி.சி.யாக மாறும்போது ஏறக்குறைய 34 வோல்ட் ஆகிறது. அதைத் தேக்கி வைக்கிற கண்டன்சர்களை, விலை குறைவு என்று 35 வோல்ட்டில் போட்டுவிடுவார்கள். இடைவெளி ஒரே ஒரு வோல்ட். சுவரில் 255 வந்தால் உள்ளே 36, 37 ஆகிவிடும். கண்டன்சரின் தட்டையான தலை மெல்லப் பூரிபோல உப்பும். ஒரு நாள் வெடிக்கும். அந்த இடத்தில் 50 வோல்ட் கண்டன்சர் போடச் சொல்லுங்கள். கூடுதலாகும் செலவு சொற்பம்தான்.

புயல் காலத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுப் பாயின்ட்டில் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி நின்ற கரன்ட் திரும்பி வருகிற நாளில் ஆம்ப்ளிஃபயரின் பிளக் வெளியே இருக்கட்டும். பல்பு சரியாக எரிகிறதா, விசிறி ஒரே வேகத்தில் சுற்றுகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துவிட்டுச் செருகுங்கள். இடி இடிக்கிற நேரத்துக்கும் இதே கதைதான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இனி எர்த். இதைச் சொல்லத்தான் இன்று முக்கியமாக வந்தேன்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து, ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தைத் தொட்டேன். கை ஒட்டிக்கொண்டது. அப்பா ஓடிவந்து மெயினை அணைத்தார். நான் பிழைத்தேன். பிறகு பிளக்கைப் பிரித்துப் பார்த்தால் பச்சை வயர் வெட்டி மடக்கப்பட்டிருந்தது. 'உம்ம்' என்று ஹம் அடிக்கிறது என்று பழுது பார்க்கக் கொடுத்திருந்தோம். பார்த்தவர் எர்த்தை வெட்டியதும் ஹம் நின்றுவிட்டது. நாங்களும் சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டோம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கெட்டு, இரும்புப் பெட்டிக்கு மின்சாரம் ஏறியிருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போய், பியூஸ் அந்த நொடியே அறுந்திருக்கும். எர்த் இல்லாததால் என் உடம்பு வழியாகப் போனது.

இரும்புப் பெட்டி, மூன்று முனைப் பிளக் என்றால் மூன்று முனையும் வேண்டும். இரண்டு முனையாக மாற்றுகிற அடாப்டர் வேண்டாம். பெட்டியின் பின்புறம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரையோடு, தயாரிக்கும்போதே இரண்டு முனையாக வந்தவை வேறு வகை. அவற்றுக்கு இரட்டைக் காப்பு உண்டு. பாயின்ட்டில் எர்த் துளை இருக்கிறது என்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கொல்லைப்புறத்து எர்த் குழியைப் போய்ப் பாருங்கள். நம் வண்டல் மண், மழைக்காலத்தில் எர்த்துக்கு வெகு பொருத்தமானது. பங்குனி, சித்திரையில் வயல் பிளந்து கிடக்கிறதே, அப்போது குழாயைச் சுற்றிய மண்ணும் காய்ந்து விலகிவிடும். வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கும் ஊற்றுங்கள். முடிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கசிவைக் கண்டால் கரன்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் போட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஹம்முக்கு என்ன வழி? வழி இருக்கிறது. டிவியும் ஆம்ப்ளிஃபயரும் இணைந்திருந்தால் கேபிள் வயரை ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் வெளியிலிருந்து அந்த வயரோடு வருகிற வேறொரு எர்த்துதான் காரணம். இரண்டு எர்த்துக்கு நடுவே மின்சாரம் சுற்றுகிறது. கருவிகள் எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகுங்கள். பாட்டுக்கு அந்தக் கேபிள் தேவையில்லை என்றால் அது வெளியிலேயே இருக்கட்டும். செல்போனிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல வீடுகளில் ஹம் அங்கேயே தீர்ந்துவிடும். பியூஸ் போனால் அதே அளவில் புதியது போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுகிற வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பியூஸுக்குப் பதில் வீடு எரியும்.

பல மாதம் கிடந்த டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பெட்டிக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்க மெக்கானிக்குகளிடம் அழகான ஒரு முறை இருக்கிறது, சீரீஸ் பல்பு. ஆம்ப்ளிஃபயரோடு தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைத்திருப்பார்கள். எல்.இ.டி. இதற்கு உதவாது. ஸ்பீக்கர் இல்லாமல் சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளீரென்று எரியும். கண்டன்சர்கள் குளம்போல நிரம்புகிற நேரம் அது. நிரம்பியதும் இழை மங்கிச் செக்கச்செவேலென்று நின்றால் பெட்டி பிழைத்தது. பளீரென்றே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். மெக்கானிக் அதைப் போட்டுக் காட்டும்போது கூட நின்று பாருங்கள். மூடியைத் திறக்கிற வேலையையும் அவரிடமே விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கும்.

பெட்டி தேறிவிட்டது என்றால் ஸ்பீக்கர். பின்புறத்தில் 4 முதல் 8 ஓம் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்துக் கட்டினால் 2 ஓம்; டிரான்சிஸ்டர் தாங்காது. வயர் நுனி இழைகளை நன்றாக முறுக்குங்கள். பிரிந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், அன்றோடு கச்சேரி முடிந்தது. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒன்று மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அடித்தொனி இரண்டுக்கும் நடுவே கரைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நம் காதே போதும். தவில் கேளுங்கள். வலந்தலையின் விரலடி துல்லியமாகக் கேட்டு, தொப்பியின் கும்காரம் மட்டும் காணாமல் போயிருந்தால் ஏதோ ஒரு பக்கம் வயர் மாறியிருக்கிறது.

பெட்டியைக் காற்றாட வையுங்கள். மேலே ஒரு சாண் இடம் காலியாக இருக்கட்டும். பூவேலை செய்த துணி போர்த்தியிருப்பீர்கள்; ஓடும்போது அதை எடுத்துவிடுங்கள். சுவரும் தரையும் டைல்ஸ் போட்ட கூடமாக இருந்தால் பாட்டு எதிரொலிக்கும். நெல் மூட்டை அடுக்கிய பழைய வீடுகளில் பாட்டு நன்றாகக் கேட்டதற்கு, எதிரொலியை உறிஞ்சிய அந்த மூட்டைகளும் ஒரு காரணம்.

போடும்போது ரேடியோ முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். நிறுத்தும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி விழும். வால்யூம் எப்போதும் சுழியிலிருந்தே தொடங்கட்டும்.

எத்தனை வாட் வேண்டும் என்று கேட்பார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சிறிய வித்தியாசம். இருந்தாலும் சக்தி கையிருப்பு வேண்டும். சின்னப் பெட்டியை முழுக்கத் திருகினால் பலகை முழுவதும் ஏறிவிட்ட மதகுபோல ஆகிவிடும். கை இன்னும் கேட்கும். கொடுக்கத் தண்ணீர் இருக்காது. அலையின் தலை தட்டையாகும், குரல் பிசிறும், உச்சத் தொனி தருகிற ட்வீட்டர் எரியும். பிசிறு கேட்ட நொடியே குறைத்துவிடுங்கள். பெரிய பெட்டி பாதியில் பாடுவது ஸ்பீக்கருக்கு நல்லது. அந்தச் சக்தி அக்கம்பக்கத்தாருக்காக அல்ல. நீர் நிற்கும் வயல்மேல் இரவுக் குளிரில் ஒலி வெகுதூரம் தவழும். ஒலிக்கு நம் ஊரில் அடுத்த தெரு என்று ஒன்று கிடையாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. பகலுக்கு 55. வீணையின் கமகம் அடங்குகிற கடைசி நூலிழையைக் கேட்க அது போதும்.

ஆராதனைக் காலையில் ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சரத்தினத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வாசிப்பார்கள். சன்னமாக இருக்கிறதே என்று அப்போது வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக நாட்டையில் எழும். குழல் கேட்கிறபோதே பெட்டியின் மேல் உலர்ந்த புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பாயை விரித்து உட்காரலாம். கை தாங்காத சூடு என்றால் உடனே அணைத்துப் பிளக்கை எடுத்துவிட்டு, பழைய சின்ன ரேடியோவை நடுவில் வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் அப்படித்தான் கேட்டோம்.