சிறுநீரகத்தின் மேல் ஒரு கட்டி: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



வயிற்று வலி என்றோ, கல்லடைப்பு என்றோ ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஸ்கேன் எடுக்கிறார்கள். "கல் ஒன்றும் இல்லை. ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி தெரிகிறது" என்கிறார் டாக்டர். கேட்டதும் என்ன செய்கிறோம்? கணவர் மனைவியிடம் மறைக்கிறார்; மனைவி கணவரிடம் மறைக்கிறார். சிலர் புற்றுநோய்தான் என்று முடிவுகட்டிச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். சிலர் படத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுமே தவறு.

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஆளுக்கொரு சிறு சுரப்பி இருக்கிறது. அட்ரீனல் என்று பெயர். ஒவ்வொன்றும் 4, 5 கிராம் எடைதான், வேலையோ பெரிது. இரத்த அழுத்தம், உடலில் உப்பின் அளவு, பயந்தால் நெஞ்சு படபடப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்த இடத்தில் பலவிதக் கட்டிகள் வரலாம். வெளுத்ததெல்லாம் பால் ஆகாது. கட்டி எல்லாம் புற்றுநோயும் ஆகாது. மிக மிக அபூர்வமாக வருவது நரம்பு உறைக் கட்டி. நரம்பு என்றால், ஊசி போட நர்ஸம்மா கையில் தேடுகிறாரே, அந்த இரத்தக் குழாய் அல்ல. வலி, சூடு முதலிய உணர்ச்சிகளைக் கொண்டு செல்லும் நரம்பு. மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறைபோல இதற்கும் ஓர் உறை உண்டு. அதிலிருந்து வளரும் கட்டியை டாக்டர்கள் ஷ்வான்னோமா என்பார்கள். பெரும்பாலும் சாதுவான கட்டி, மெதுவாக வளரும். பெரிதாகி அழுத்தும் வரை பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

"சாதுவான கட்டிதானே, பிறகு ஏன் இத்தனை சோதனை?" என்று கேட்பீர்கள். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து இன்ன கட்டி என்று அறுதியிட முடியாது. அதே இடத்தில் பியோகுரோமோசைட்டோமா என்று ஒரு கட்டி வரும். அதை அறியாமல் ஊசி குத்தினாலோ, கத்தி வைத்தாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் சில நாட்கள் மாத்திரை கொடுத்து, அழுத்தத்தை அடக்கிய பிறகு அறுவை செய்வார்கள். தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் திடீர் திடீரென வந்து போனால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என்னென்ன சோதனைகள் செய்வார்கள்?

1. இரத்தம், அல்லது 24 மணி நேரச் சிறுநீர். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிடுங்கள். அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை, ஒரு தடவைகூட விடாமல், கொடுத்த பாத்திரத்தில் சேருங்கள். களை எடுக்கப் போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

2. இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் 1 மில்லிகிராம் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை 8 மணி வாக்கில் இரத்தம் எடுப்பார்கள்.

3. இரத்த அழுத்தம் அதிகம் இருந்தால் அதற்கென இன்னொரு இரத்தச் சோதனையும் உண்டு.

4. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். நாள் தள்ளிப் போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அம்மா. வெட்கப்பட வேண்டாம்.

இவற்றைப் பார்த்து, கட்டி சிறிதாகவும் சந்தேகம் இல்லாமலும் இருந்தால் விட்டுவிடலாம், அல்லது கவனித்து வரலாம் என்பார்கள். 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ எடுத்துவிடச் சொல்லலாம். எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் நரம்பு உறைக் கட்டி என்று உறுதியாகும். முழுதும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. ஒரு சுரப்பி போனாலும் மற்றொன்று நன்றாக இருந்தால் அதுவே போதும்.

ஆகவே இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள். பழைய படங்கள், சாப்பிடும் மாத்திரைகள், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். "சுரப்பு நீர்ச் சோதனை பார்த்தாயிற்றா?" என்று தைரியமாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.