டாக்டர் பட்டம் வாங்கிய பின்னும் படிப்பா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நாம் செய்த சொற்பொழிவின் சாரம்)



புராணப் புரட்டுகளைப் பற்றி நாம் ஏதோ பேசப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு வந்தவர்கள் இன்று சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. சென்ற வாரம் இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். தறி நெய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவருடைய மகள் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். புற்றுநோயைப் பற்றி இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்வதற்கு அயல் நாட்டில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். "ஏனுங்க, டாக்டர் ஆனபிறகு வைத்தியம் பார்க்க வேண்டியதுதானே? இன்னும் என்ன படிப்பு? பெண்ணுக்கு முப்பது வயது ஆகப்போகிறது, கலியாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் குடைகிறார்கள்" என்று கேட்டார். நாம் ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டோம். ஆகையால் அவருக்கு உடனே பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலாவது, டாக்டர் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் நாடி பார்த்து மருந்து கொடுப்பவர். மற்றவர் ஒரு விஷயத்தைத் தாமே சோதித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்குபவர். நம் பெரியவரின் மகள் இரண்டாவது வகை. இந்தப் பட்டம் வாங்கியதும் உடனே புரொபஸர் வேலை கிடைத்துவிடுவதில்லை. தொழிலை முழுவதும் கற்றுக்கொண்டும் சொந்தத் தறி இல்லாதவன் பெரிய தறிக்காரர் வீட்டில் கூலிக்கு நெய்கிறான் அல்லவா? அதைப் போல ஒரு பெரிய ஆராய்ச்சிக்காரரின் சாலையில் சில வருஷம் சம்பளத்துக்கு இருந்து வேலை செய்ய வேண்டும். இவர் மாணாக்கரும் அல்ல, ஆசிரியரும் அல்ல. இதற்குத்தான் போஸ்ட் டாக்டர் வேலை என்று பெயர். இன்று உலகத்தில் புற்றுநோயைப் பற்றி வெளிவரும் புதிய கண்டுபிடிப்புகளின் கைவேலையில் இவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. துணி யார் நெய்தாலும் கடையில் முதலாளி பெயரில்தான் விற்கும் என்பது நெசவாளிகளாகிய உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு ஒரு கதை சொல்லுகிறோம். கதை என்றால் புராணமல்ல, நடந்தது. அமெரிக்காவில் நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் என்பவர் 1911-ல் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, உயிரணு ஒன்றுகூட இல்லாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்கு ஏற்றினார். அந்தக் கோழிக்கும் கட்டி வந்தது. வடிகட்டியில் தப்பிப்போன மிகச் சிறிய கிருமி ஒன்று, வைரஸ் என்பது, அதில் இருந்தது. அக்காலத்துப் பண்டிதர்கள் அதை லட்சியம் செய்யவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-ல், அதாவது 55 வருஷம் கழித்து! பிறகு, அந்த வைரஸிலுள்ள ஒரே ஒரு மரபணுதான் கட்டியை உண்டாக்குகிறது என்று தெரிந்தது. அந்த மரபணு வைரஸுக்கு எங்கிருந்து வந்தது என்பது கேள்வி.

சான்பிரான்சிஸ்கோ நகரில் மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் என்ற இருவரின் ஆராய்ச்சிச் சாலைக்குப் பிரான்ஸ் தேசத்திலிருந்து டொமினிக் ஸ்டெஹெலின் என்ற வாலிபர் இந்தப் போஸ்ட் டாக்டர் வேலைக்கு வந்தார். வைரஸிலுள்ள அந்த மரபணுவின் நகலைக் கதிரியக்கத்தால் அடையாளமிட்டு, நோயே இல்லாத நல்ல கோழியின் உயிரணுவில் அதற்கு ஜோடி இருக்கிறதா என்று தேடினார். இருந்தது! அதாவது வைரஸ் அதைக் கோழியிடமிருந்துதான் எப்போதோ திருடிக்கொண்டு போயிருக்கிறது. கோழியில் மட்டுமல்ல, வேறு பறவைகளிலும் இருந்தது; பின்னால் பார்த்தபோது மனிதனிடமும் இருந்தது. உடம்பு வளருவதற்கு வேண்டிய ஒரு சாதாரண மரபணு, கெட்டுப்போனால் புற்றாக மாறுகிறது என்பது இதனால் தெரிந்தது. 1976-ல் இது வெளிவந்தபோது நான்கு பேர் பெயரில் ஸ்டெஹெலின் பெயரே முதலில் நின்றது. ஆனால் 1989-ல் நோபல் பரிசு வந்தபோது பிஷப்புக்கும் வார்மஸுக்கும் மட்டுமே வந்தது. ஸ்டெஹெலின் பகிரங்கமாக ஆட்சேபித்தார். பலன் ஒன்றும் இல்லை.

நாம் அந்த இருவரையும் திருடர்கள் என்று சொல்லவில்லை. கேள்வியைப் போட்டவர்கள், பணம் சேர்த்தவர்கள், சாலையை நடத்தியவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாமல் அந்தச் சோதனை நடந்திராது. ஆனாலும் இரவும் பகலும் நின்று கையால் செய்தவனுடைய பங்கு என்ன என்று கேட்பது நம் உரிமை. இதை ஏன் இவ்வளவு நீட்டினோமென்றால், அயல் நாட்டில் இடம் கிடைத்துவிட்டது என்றவுடன் ஏதோ மோட்சமே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகத்தான்.

இங்கே ஒரு சாஸ்திரியார் எழுந்து, "பார்த்தீரா! நோய் உள்ளேயே இருக்கிறதென்று உமது விஞ்ஞானமே சொல்லுகிறது. அதைத்தான் நாங்கள் தலையெழுத்து என்கிறோம்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். தலையெழுத்தை யாரும் படித்ததில்லை. இந்த எழுத்தையோ ஒவ்வொன்றாகப் படிக்கலாம், எங்கே கெட்டது என்று காட்டலாம், எதனால் கெட்டது என்றும் பல சமயம் சொல்லலாம். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளுகிறவர் வாயில் வரும் புற்று போன ஜன்மத்துப் பாவத்தால் வரவில்லை, அந்தப் புகையிலையால் வருகிறது. வெயிலால், சில வைரஸ்களால், உயிரணு தன்னை நகலெடுக்கும்போது நேரும் பிழையால், இப்படியெல்லாம் கெடுகிறது. தாய் தகப்பன் வழியாக வருவதும் உண்டு, ஆனால் அது சிறு பங்குதான். எங்கே கெட்டது என்று தெரிந்த இடத்தில் மருந்தும் பிறக்கிறது. ஒரு வகை ரத்தப் புற்றில் கெட்டுப்போன மரபணு செய்யும் வேலையைத் தடுக்கும் மாத்திரை 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது. அதற்கு இமாடினிப் என்று பெயர். அதன் புது வடிவத்துக்குத் தனி உரிமை வேண்டுமென்று நோவார்ட்டிஸ் கம்பெனி நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு வரை வந்து 2013-ல் தோற்றது. கோர்ட்டு அதற்கு இணங்கியிருந்தால் நம்மவர்கள் அதே மருந்தை மலிவாகச் செய்து விற்பதற்குத் தடை நேர்ந்திருக்கலாம்.

நிற்க. பெண்ணாயிற்றே, இவ்வளவு தூரம் போவானேன் என்ற கேள்விக்கு வருவோம். பூனாவில் 1917-ல் பிறந்தவர் கமல் ரணதிவே. வைத்தியத்துக்குப் படித்து ஒரு டாக்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது தகப்பனார் விருப்பம். அந்தம்மாள் இரண்டையும் செய்யவில்லை. உயிரியல் படித்தார், 1939-ல் கணித அறிஞர் ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டார், பம்பாயில் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் டாக்டர் கானோல்கரிடம் வேலை செய்து 1949-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கலியாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு என்பதைச் சொந்தக்காரர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அதற்கப்புறம் இந்தப் போஸ்ட் டாக்டர் வேலைக்கு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் கை என்பவரிடம் போனார். உடம்பின் உயிரணுவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கும் வித்தையில் அவர் கைதேர்ந்தவர். (1951-ல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற ஏழை நீக்ரோ ஸ்திரீயின் கட்டியிலிருந்து அவரைக் கேளாமலே எடுத்த உயிரணுக்களை வளர்த்ததும் இதே கைதான். அவை இன்றும் உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அக்குடும்பத்தாருக்கு இருபது வருஷம் வரையில் விஷயமே தெரியாது. அது தனியே ஒரு கூட்டத்தில் பேச வேண்டிய சங்கதி.)

ரணதிவே அம்மையார் அங்கேயே தங்கிவிடவில்லை. அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு பம்பாய்க்குத் திரும்பி, உயிரணு வளர்க்கும் ஆராய்ச்சிச் சாலையை நம் நாட்டில் ஏற்படுத்தினார். மார்புப் புற்றுக்கும் பரம்பரைக்கும் உள்ள சம்பந்தத்தை எலிகளை வைத்து ஆராய்ந்தார். 1973-ல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தை ஏற்படுத்தியவர்களில் முதன்மையாக நின்றார். இரண்டு மூன்று வருஷம் அயலூர் போய் இருந்ததன் பலன் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

இனி ஷரத்துக்களைச் சொல்லுகிறோம். இவை நல்ல உத்தியோகத்திலுள்ளவர் வீட்டில் சாப்பிடும்போதே பிள்ளைகள் காதில் விழுந்துவிடுகின்றன. தறிக்காரர் வீட்டிலும் ஏர்க்காரர் வீட்டிலும் யார் சொல்லுவது? அமெரிக்க சர்க்கார் இவ்வேலைக்குப் புதிதாக வருபவருக்கு 2024-ல் நிர்ணயித்த உதவித்தொகை வருஷத்துக்கு 61,008 டாலர். கேட்க வாய் திறந்துவிடும். ஆனால் அங்குள்ள வீட்டு வாடகையையும் கேட்க வேண்டும். அதுவுமன்றி அந்த சர்க்கார் ஆராய்ச்சிக்காரருக்கு நேராகக் கொடுக்கும் கிர்ஷ்டைன் உதவித்தொகை அந்நாட்டுப் பிரஜைக்கும் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவருக்கும்தான். நம்மவர் பெரும்பாலும் புரொபஸர் வாங்கியிருக்கும் மானியத்திலிருந்து சம்பளம் பெற வேண்டும். மானியம் தீர்ந்தால் வேலையும் போகும், விசாவும் ஆட்டம் காணும். ஆகையால் போகுமுன்பே மானியம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது யோக்கியமான காரியமே, அதில் வெட்கமில்லை. சில காலம் வேலை செய்தபின், சொந்தச் சாலை வைக்க உதவும் ஒரு மானியத்துக்கு அயல் நாட்டாரும் மனுச் செய்யலாம்.

ஐரோப்பாவில் மேரி க்யூரி அம்மையார் பெயரால் ஓர் உதவித்தொகை உண்டு. எந்தத் தேசத்தாரும் கேட்கலாம். எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டில் முந்திய மூன்று வருஷத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. இங்கிருந்து புதிதாகப் போகிறவருக்கு இது அனுகூலமான விதியே. ஆனால் அங்குள்ள ஓர் ஆராய்ச்சிக்காரர் ஒப்புக்கொண்டு உடன் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன்கூட்டியே கடிதம் எழுதிப் பழகிக்கொள்ள வேண்டும். எழுதினால் பதில் வராது என்று பயந்து எழுதாமலிருப்பவர் நம்மவரில் அதிகம். பத்து எழுதினால் ஒன்றுக்கு வரும், அந்த ஒன்று போதும்.

நம் நாட்டிலும் பம்பாய்ப் பக்கம் கார்கரில் டாட்டா புற்றுநோய் ஆராய்ச்சிச் சாலையும், சென்னையில் முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு ஆஸ்பத்திரியும், மற்ற ஸ்தாபனங்களும் இருக்கின்றன. ஆராய்ச்சித் துணைவர்களுக்கு மத்திய சர்க்கார் 2023-ல் முதற்படியாக வைத்த சம்பளம் மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். அதற்கு முந்திய உயர்வு 2019-ல் வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடமுழுக்குக்கு வசூல் செய்ய வீடு வீடாக வருகிறவர்களை யாரும் தெருவில் நிற்க வைப்பதில்லை!

பெரியவர் அதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாம் சொல்லுவது, மகளை அனுப்புங்கள் என்பதே. கலியாணம் வேண்டுமென்றால் அதை அந்தப் பெண்ணே முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், எத்தனை வருஷம், செய்த வேலை வெளிவரும்போது பெயர் எந்த இடத்தில் போடுவார்கள் என்ற மூன்றையும் அந்தப் புரொபஸரிடம் அந்தப் பெண்ணே கேட்டு எழுதட்டும். அங்கிருந்து வந்த கடிதத்தைப் பெரியவர் மடியில் வைத்திருப்பதாகச் சொன்னார். கூட்டம் கலைந்ததும் வாசகசாலைக்குள் உட்கார்ந்து அதை எல்லோருமாகப் படித்துப் பார்ப்போம். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த தோழர்கள் இரண்டொருவர் தயவுசெய்து இருந்து போகவேண்டும்.